பலகை இட்ட பரமன்

பதினாறு உபசாரங்களில், இறைவனை ஆவாகனம் செய்தவுடன் நாம் சமர்ப்பிப்பது ஆசனம். எழுந்தருளியவரை அமரச் செய்த பின்னரே பாத்தியமும் அர்க்கியமும் பிறவும். ஆண்டவனுக்கு ஆசனமிடும் நாமும் மணையிலோ பாயிலோ தர்ப்பாசனத்திலோ அமர்ந்துதான் பூஜையைத் தொடங்குகிறோம். இது நம் முன்னோர் வகுத்த முறை. ஆனால் வயது ஏற ஏற முழங்கால் மடங்க மறுக்கிறது. இடுப்பு இணங்க மறுக்கிறது. அப்போது பெரியோர் பலர் உள்ளத்தில் வெளியே சொல்லாத ஒரு வருத்தம் குடியேறுகிறது. தரையில் உட்கார இயலாதவரின் வழிபாடு குறைபட்ட வழிபாடுதானோ என்பதே அந்த வருத்தம்.

எனக்கு அந்த வருத்தம் வீணையின் வழியாக வந்தது. அதைத் தீர்த்து வைத்த விடையோ ஓர் அடியார் ஏந்திய யாழின் வழியாக வந்தது. என்னைப் போன்ற பலருக்குப் பயன்படலாம் என்று கருதி அதை இங்கே எழுதுகிறேன்.

வீணை மடியில் வைத்து வாசிக்கும் வாத்தியம். நம் பக்கத்தில் வழங்கும் தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்யப்படுவது. மெழுகின்மேல் பதித்த 24 மெட்டுகள், வாசிப்பதற்கு 4 தந்திகள், தாளத்துக்கு 3 தந்திகள் என்பது அதன் அமைப்பு. வலப்புறத்துக் குடம் தரையில் தங்கும். இடப்புறத்துச் சுரைக்காய் இடது தொடையின்மேல் அமரும். அதற்கப்பால் யாளி முகம் வளைந்து நிற்கும். சம்மணமிட்ட கால்களே வீணைக்குப் பீடம். பாடுபவர் கையால் தாளம் போடுவார். வீணை வாசிப்பவருக்கு இரு கைகளும் வேலையாயிருப்பதால் வலக்கைச் சுண்டுவிரல் தாளத் தந்திகளை மீட்டிக் கணக்கைக் காக்கும். ஆகவே கால்களுக்கு அசைவே இல்லை. இடக்கை விரல்கள் தந்தியை இழுத்துக் கமகம் எழுப்பும்போது உடல் சாயாமல் தாங்கி, தாம் அசையாதிருப்பதே கால்கள் செய்யும் தொண்டு.

அந்தத் தொண்டு சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் நின்றுபோயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் துளசி மாடத்தின் முன் கோலமிட்டு எழுந்தபோது ஈரத்தில் கால் வழுக்கி விழுந்தேன். இடது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தது. அறுவைச் சிகிச்சை செய்து, முறிந்த மூட்டின் பந்துக்குப் பதிலாக உலோகப் பந்து ஒன்றைப் பொருத்தினார்கள். மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். வீடு திரும்பும் வேளையில் மருத்துவர் மூன்று கட்டளைகளைச் சொன்னார். காலின்மேல் கால் போடக் கூடாது. தாழ்வான ஆசனத்தில் உட்காரக் கூடாது. சம்மணமிட்டுத் தரையில் அமர்வதை அறவே மறந்துவிட வேண்டும். முதல் இரண்டும் என் செவியில் விழுந்தன. மூன்றாவது நெஞ்சில் விழுந்தது.

நான் வசிப்பது மயிலாடுதுறையில். அம்பிகை மயிலாக வடிவெடுத்து ஈசனைப் பூசித்த தலம் இது. இங்கே அவள் திருநாமம் அபயாம்பிகை. அஞ்சேல் என்று கைகாட்டி நிற்பதால் அஞ்சல் நாயகி என்றும் வழங்குவர். வீணை வாசிப்பில் வல்லவரான முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) இந்த அம்பிகைமீது எட்டு வேற்றுமைகளிலும் கிருதிகளை இயற்றியிருக்கிறார். அவற்றுள் கல்யாணி ராகத்தில் அமைந்த 'அபயாம்பா ஜகதம்பா' என்பதை ஆண்டுதோறும் நவராத்திரியின் ஒரு மாலையில் அவள் சந்நிதி முன் வாசித்துவருவது என் வழக்கம். 32 ஆண்டுகளில் அது ஒருமுறையும் தடைப்பட்டதில்லை.

படுக்கையில் கிடந்த நாட்களில் வீணை கூடத்து மூலையில் உறைக்குள் உறங்கியது. இசைப் பயிற்சி செய்வோர் அறிவர்: இடக்கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தந்தி உராய்ந்து கோடு விழுந்து, அவ்விடம் காய்த்துப் போயிருக்கும். அந்தக் காய்ப்புதான் வீணை வாசிப்பவருக்குக் கவசம். நாள்தோறும் என் விரல்களைத் தடவிப் பார்ப்பேன். தோல் உரிந்து உரிந்து, ஆறு வாரங்களில் விரல் நுனி குழந்தையின் விரல்போல் மெத்தென்று ஆகிவிட்டது. பிறர் பார்த்தால் நலம் என்பர். எனக்கோ பல்லாண்டுச் சேமிப்பு கரைந்ததுபோல் இருந்தது.

இரத்தம் உறையாமல் ஓடுவதற்காகக் கணுக்காலை மேலும் கீழுமாக அசைக்கும் பயிற்சியைக் கொடுத்திருந்தார்கள். வெறுமனே எண்ணிச் செய்வது சலிப்பாக இருந்ததால் அதை ஆதி தாளத்தில் அமைத்துக்கொண்டேன். ஓர் ஆவர்த்தனத்துக்கு எட்டு அசைவு. மனத்துக்குள் சரளி வரிசை ஓடும். கணுக்கால் தாளம் போடும். இத்தனை காலமும் அசையாமல் தொண்டு செய்த கால், இப்போது அசைந்து தொண்டு செய்யக் கற்றுக்கொண்டது. பத்து ஆவர்த்தனம் முடிவதற்குள் நெற்றியில் வியர்வை அரும்பிவிடும். நடைப் பயிற்சியும் அவ்வாறே. வாக்கரை முன்னே நகர்த்துவது ஓர் அட்சரம். நோயுற்ற காலை எடுத்து வைப்பது ஓர் அட்சரம். நலமான காலைக் கொண்டுவந்து சேர்ப்பது ஓர் அட்சரம். மூன்றெண்ணிக்கையில் கூடத்தைக் கடந்து பூஜை அறை வரை செல்வேன். நின்றபடியே தீபத்தைத் தரிசித்துத் திரும்புவேன்.

நவராத்திரி வந்தது. அறுவை முடிந்து ஒன்பது வாரங்களே ஆகியிருந்தன. கோயிலுக்குச் செல்ல மருத்துவர் அனுமதிக்கவில்லை. என் மகன், "அம்மா, நாற்காலியில் உட்கார்ந்து வீட்டிலாவது வாசியுங்களேன். எதிரில் ஒரு மேசையைப் போட்டு வீணையை வைத்துத் தருகிறேன்" என்றான். என் மனம் ஒப்பவில்லை. எனக்கு வீணை பயிற்றுவித்த குருநாதர் முதல் நாளே இரண்டு நியமங்களைச் சொல்லியிருந்தார். வீணையைத் தாண்டி நடக்காதே. வீணை தாழ்ந்திருக்க நீ உயர்ந்த ஆசனத்தில் அமராதே. கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசையின்மேல் சரஸ்வதியின் வாத்தியத்தைக் கிடத்தி வாசிப்பதா? கால் கூடும் வரை காத்திருக்கலாம் என்றால், கூடிய பிறகும் சம்மணத்துக்கு இடமில்லை என்றுதானே மருத்துவர் சொல்லியிருக்கிறார்? சரஸ்வதி பூஜையன்று என் பேத்தியை அழைத்து, "இனி இது உன்னுடையது" என்று சொல்லி வீணைக்குச் சந்தனமிட வைத்தேன். அவள் பதில் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

விஜயதசமி கழிந்து சில நாட்களில், எங்கள் தெருவில் வசிக்கும் முதிய ஓதுவார் ஒருவர் நலம் விசாரிக்க வந்தார். அவரும் கைத்தடியின் துணையோடு நடப்பவரே. மூலையிலிருந்த வீணையைப் பார்த்தார். செய்தி அனைத்தையும் கேட்டுக்கொண்டார். சற்று நேரம் கண்மூடி இருந்தவர், "அம்மா, திருநீலகண்ட யாழ்ப்பாணர் சரித்திரத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்" என்று தொடங்கினார்.

பெரியபுராணத்தில் சேக்கிழார் பெருமான் விரித்துரைக்கும் அடியார்களில் ஒருவர் யாழ்ப்பாணர். திருவெருக்கத்தம்புலியூரில் தோன்றியவர். மனைவியார் மதங்கசூளாமணியாரோடு தலந்தோறும் சென்று, இறைவன் புகழை யாழிலிட்டு இசைப்பதே அவர் வாழ்வு. மதுரைத் திருவாலவாயை அடைந்தபோது அவர் கோயிலுக்குள் புகவில்லை. வாயிலின் முன் நின்றே இசைத்தார். அந்த இசைக்கு உருகிய சோமசுந்தரக் கடவுள், அன்றிரவு தொண்டர்களின் கனவில் தோன்றி, பாணரை உள்ளே அழைத்துவருமாறு பணித்தார். மறுநாள் தொண்டர்கள் அவரை எதிர்கொண்டு அழைத்துச் சென்று சந்நிதி முன் அமரச் செய்தார்கள். பாணர் வெறுந்தரையில் இருந்து யாழை மீட்டிப் பாடினார்.

அப்போது வானில் ஓர் ஒலி எழுந்தது. தரையின் ஈரம் தாக்கினால் யாழின் நரம்புக் கட்டுத் தளர்ந்துவிடும். ஆகவே அவருக்கு அழகிய பலகை ஒன்றை இடுங்கள் என்றது அந்த ஒலி. தொண்டர்கள் அவ்வாறே பலகை இட்டார்கள். பாணர் அதன்மேல் ஏறி அமர்ந்து இசையைத் தொடர்ந்தார்.

ஓதுவார் இவ்வளவையும் சொல்லிவிட்டு என்னை நோக்கினார். "பாணர் பலகை கேட்டாரா அம்மா? கேட்கவில்லை. தரையில் இருப்பதுதான் பணிவு என்று அவரும் எண்ணியிருப்பார். ஆனால் சுவாமி அதை ஏற்கவில்லையே! தரை ஒத்துக்கொள்ளாது, ஆசனம் போடு என்று சொன்னது யார்? ஆண்டவன் அல்லவா? அங்கே ஈரத்தால் நரம்பு தளர்ந்துவிடும் என்று கவலைப்பட்டான். இங்கே தரையில் உட்கார்ந்தால் உங்கள் மூட்டு தளர்ந்துவிடும் என்கிறார் வைத்தியர். அன்று அசரீரியாகச் சொன்னவனே இன்று வைத்தியர் வாயால் சொல்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்."

எனக்குப் பேச்செழவில்லை. அவர் மேலும் சொன்னார்: "மதுரையோடு முடியவில்லை. பாணர் திருவாரூர் சென்றபோதும் கோயில் வாயிலின் முன் நின்றே வாசித்தார். அங்கே தியாகேசன் அவருக்காக வடதிசையில் வேறொரு வாயிலையே வகுத்துக் கொடுத்தான். ஓரிடத்தில் ஆசனம் கொடுத்தான். ஓரிடத்தில் வாசல் கொடுத்தான். அடியார் வருந்தி வழி தேட வேண்டுமென்று அவன் வைப்பதில்லை."

மறுநாளே என் மகன் ஒரு தச்சரை அழைத்துவந்தான். அந்தப் பெரியவர் வீணையை இருமுறை அளந்தார், நாற்காலியை அளந்தார், நான் அமர்ந்திருக்கும்போது தொடையின் உயரத்தையும் அளந்தார். நான்கு நாட்களில் ஒரு தாங்கு பலகை செய்து கொண்டுவந்தார். குடம் பதிவதற்கு வலப்புறத்தில் துணி வேய்ந்த குழிவு. சுரைக்காயைத் தாங்க இடப்புறத்தில் பிறை வடிவான கவை. வீணையின் பளு முழுவதும் மரத்தின்மேல்தான். தொடையின்மேல் ஒரு துளியும் இறங்காது. பலகை என் இருக்கையின் மட்டத்துக்குச் சற்றே மேலாக இருந்ததால், வீணை தாழ நான் உயர அமரும் நிலையும் ஏற்படவில்லை. குருநாதர் வாக்கு காக்கப்பட்டது. கைப்பிடியில்லாத, அசையாத, முழங்கால் இடுப்பைவிட உயராத நாற்காலி ஒன்று தெரிந்தெடுக்கப்பட்டது. இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிந்தன. சம்மணம் தந்த உறுதியைப் பாதங்களே தரக் கண்டேன்.

இவ்வாறு அமர்வது வீணைக்குப் பொருந்துமோ என்ற சிறு தயக்கம் அப்போதும் எஞ்சியிருந்தது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் வீணாதர தட்சிணாமூர்த்தியை நினைத்ததும் அதுவும் அகன்றது. ஆலமரத்தடியில் ஒரு காலை மடித்து அமர்ந்து மௌனமாக உபதேசிக்கும் குருமூர்த்தி, வீணை ஏந்தும்போது பெரும்பாலும் நின்ற திருக்கோலத்திலேயே காட்சி தருகிறார். இசைக்கு அதிபதியே நின்று வாசிக்கையில், எளியவள் நாற்காலியில் இருந்து வாசிப்பதில் என்ன குற்றம்?

வாசிப்பு எளிதில் திரும்பிவிடவில்லை. முதல் நாள் சட்ஜத்தை அழுத்தியபோதே விரல் நுனியில் ஊசி தைத்ததுபோல் வலித்தது. ஐந்து நிமிடங்களுக்குமேல் இயலவில்லை. பேத்தியை அருகில் வைத்துக்கொண்டு, அவள் பயிலும் சரளி வரிசையையே நானும் அவளோடு வாசித்தேன். ஏழு நாட்களில் ஐந்து நிமிடம் பதினைந்தாயிற்று. விரலில் மெல்லிய கோடு மீண்டும் விழத் தொடங்கியது. அதே வாரத்தில் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறினேன். காய்ப்பு ஏறுவதும் கால் உறுதிப்படுவதும் ஒரே விதியைப் பின்பற்றுகின்றன. நாள்தோறும் சிறிது பளு வேண்டும். மிகுதியாக ஏற்றினால் புண்ணாகும். அறவே விட்டால் இளகிப் போகும். பேத்தியிடம் கொடுத்த வீணையை நான் திரும்பக் கேட்கவில்லை. அவள்தான் ஒவ்வொரு மாலையும் உறையைக் கழற்றிப் பலகையில் ஏற்றி வைத்து, "பாட்டி, உங்கள் முறை" என்பாள்.

இதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. துலா மாதம் முழுவதும் எங்கள் ஊர்க் காவிரியில் நீராடுவது பெரும்புண்ணியம். கங்கை முதலான நதிகள் தம்மிடம் சேர்ந்த பாவங்களைக் களைய இம்மாதத்தில் இங்கே வந்து நீராடுவதாக ஐதிகம். மாதத்தின் கடைசி நாள் கடைமுகம். அன்று சுவாமிகள் துலாக் கட்டத்துக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி கொள்ள, ஊர் மக்கள் வெள்ளமாகத் திரள்வர். அந்தப் படிகளில் இறங்க எனக்கு இவ்வாண்டு வழியில்லை. ஆயினும் கடைமுகத்துக்கு மறுநாள் ஒன்று உண்டு. கார்த்திகை முதல் நாளான அதற்கு முடவன் முழுக்கு என்று பெயர்.

அதன் வரலாற்றை இவ்வூர்க் குழந்தைகளும் அறிவர். நடக்க இயலாத ஒருவர் துலா ஸ்நானம் செய்யும் ஆவலில் தொலைவிலிருந்து புறப்பட்டார். ஊர்ந்தும் தவழ்ந்தும் அவர் மாயூரம் வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டது. மனமுடைந்து மயூரநாதரை நோக்கி அழுதார். வருந்தாதே, இன்று மூழ்கினாலும் துலா ஸ்நானப் பலன் முழுவதும் உனக்குண்டு என்று இறைவன் அருளினான். அவர் ஒருவருக்காக நீட்டித்த நாள், இன்றளவும் காலத்தில் வர இயலாத அனைவருக்கும் உரிய நாளாக நிலைத்திருக்கிறது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நான் எத்தனையோ ஆண்டுகள் அந்நாளைக் கண்டிருக்கிறேன். அது யாருக்காக ஏற்பட்டதோ அவருள் ஒருத்தியாக நின்று கண்டது இந்த ஆண்டில்தான்.

அன்று காலையில் என் மகன் துலாக் கட்டத்திலிருந்து செம்பில் காவிரி நீரைக் கொண்டுவந்து என் தலையில் தெளித்தான். மாலையில் கோயிலுக்கு அழைத்துச் சென்றார்கள். மருத்துவரின் இசைவைப் பெற்றிருந்தோம். அம்பாள் சந்நிதி முன் மண்டபத்தில் ஓர் ஓரமாக, கால்கள் சந்நிதியை நோக்கி நீளாதவாறு நாற்காலியைப் பக்கவாட்டில் இட்டு, தாங்கு பலகையின்மேல் வீணையை அமர்த்தினார்கள். நவராத்திரிக்கு வாசித்திருக்க வேண்டிய கல்யாணி கிருதியை அன்று வாசித்தேன். விரைவு குறைவுதான். இரண்டு இடங்களில் விரல் வலித்துக் கமகத்தைச் சுருக்கிக்கொண்டேன். பேத்தி கீழே அமர்ந்து கையால் தாளம் போட்டாள். தூணோரமாகக் கைத்தடியை ஊன்றி ஓதுவாரும் நின்றிருந்தார். முடித்ததும் தீபாராதனை காட்டிய குருக்கள் குங்குமப் பிரசாதத்தை என் இருக்கைக்கே கொண்டுவந்து கொடுத்தார். நவராத்திரியில் தவறியதை முடவன் முழுக்கில் அம்பிகை ஏற்றுக்கொண்டாள் என்றே என் மனம் நிறைந்தது.

பாணருக்குப் பலகை, ஆரூரில் ஒரு வாயில், மாயூரத்தில் ஒரு நாள். இம்மூன்றிலும் இறைவன் அடியாரை முறைக்கு ஏற்ப வளையச் சொல்லவில்லை. அடியாரின் இயலாமைக்கு ஏற்பத் தானே ஆசனத்தையும் வழியையும் காலத்தையும் மாற்றிக் கொடுத்திருக்கிறான். தரையில் அமர முடிந்தவர்கள் தரையில் அமர்ந்தே வழிபடுங்கள். அது நல்ல முறை. முடியாதவர்கள் பக்தி மேலீட்டால் மருத்துவர் சொல்லை மீறிக் கீழே உட்கார்ந்து மூட்டை வருத்திக்கொள்ள வேண்டாம். நாற்காலியில் அமர்ந்து பாராயணம் செய்யுங்கள். கட்டிலில் சாய்ந்தபடி நாமஜபம் செய்யுங்கள். ஒரு காலத்தில் வீணையோ வயலினோ ஆர்மோனியமோ வாசித்து, உட்கார முடியவில்லை என்பதற்காக ஒதுக்கி வைத்தவர்கள், அதன் உயரத்துக்கு ஒரு பலகை செய்யச் சொல்லுங்கள். இல்லத்தில் அத்தகைய பெரியோர் இருந்தால், அவர்கள் வாய்விட்டுக் கேட்கும் வரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டாம். பாணர் கேட்காமலேயே இடப்பட்டது அந்தப் பலகை.

கால் தளர்ந்தோர் அனைவருக்கும் அபயாம்பிகை அபயம் அளிப்பாளாக.